அரங்கம் யாருடையது? பன்னாட்டு மல்யுத்த, குத்துச்சண்டை, ஜூடோ போட்டிகளை நடத்தும் விதிகளும் இந்திய அனுபவமும்

புதுடெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் கே.டி. ஜாதவ் உள்ளரங்கம் இருக்கிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கத்தைத் தேடித் தந்த காஷாபா தாதாசாகேப் ஜாதவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 2018 நவம்பரில் அங்கே மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. 48 கிலோ பிரிவில் மேரி கோம் தம் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். அந்த வெற்றி நினைவில் நிற்பது இயல்பு.

அதே போட்டிக்கு வந்திருக்க வேண்டிய ஒருவர் வரவில்லை என்பது பலர் நினைவில் இல்லை. கொசோவோவைச் சேர்ந்த இளம் வீராங்கனை டோன்ஜெட்டா சாடிகுவுக்கு இந்திய விசா கிடைக்கவில்லை. கொசோவோவைத் தனிநாடாக இந்தியா ஏற்கவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோ 2014 டிசம்பரிலேயே அதை முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தது. விளையாட்டு உலகின் வரைபடத்தில் இருந்த ஒரு நாடு, போட்டி நடந்த மண்ணின் வரைபடத்தில் இல்லை. இரண்டு வரைபடங்களுக்கும் இடையிலான அந்த இடைவெளியில் ஒரு வீராங்கனையின் ஓராண்டு உழைப்பு விழுந்தது. தோற்றவர்களின் பட்டியலில்கூட அவர் பெயர் இடம்பெறவில்லை.

பன்னாட்டுப் போட்டிகளை நடத்துவதற்கான விதிகள் எதைப் பற்றியவை என்ற கேள்வியை இந்த நிகழ்விலிருந்து தொடங்கலாம்.

அளவைகளும் வாசலும்

வெளிப்பார்வைக்கு இவ்விதிகள் அளவைகளின் தொகுப்பு. மல்யுத்த விரிப்பு 12 மீட்டர் சதுரமாக இருக்க வேண்டும். அதற்குள் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில்தான் போட்டி நடக்கும். குத்துச்சண்டை மேடை கயிறுகளுக்குள் 6.10 மீட்டர் சதுரம். எடை பார்க்கும் கருவி, மருத்துவர், ஊக்கமருந்துச் சோதனைக்கான தனியறை, தங்குமிடம், போக்குவரத்து, நடுவர்களுக்கான ஏற்பாடு என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு முன்னால் விண்ணப்பம், கட்டணம், ஒப்பந்தம். பணமும் உழைப்பும் உள்ள எந்த நகரமும் இந்தப் பகுதியை நிறைவேற்றிவிடலாம்.

கடினமானது வேறொன்று. தகுதி பெற்ற ஒவ்வோர் உறுப்பு நாட்டின் வீரரும் அரங்கத்துக்குள் வர வேண்டும். வந்தவர் தம் நாட்டின் பெயரோடும் கொடியோடும் களமிறங்க வேண்டும். வென்றால் அவருடைய நாட்டுப்பண் ஒலிக்க வேண்டும். ஒலிம்பிக் சாசனத்தின் அடிப்படைக் கோட்பாடுகள் எந்தப் பாகுபாட்டையும் ஏற்பதில்லை. போட்டியை நடத்தும் நாடுகளிடம் சம்மேளனங்கள் கேட்கும் உறுதிமொழி அங்கிருந்தே வருகிறது.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தேசிய விளையாட்டுச் சம்மேளனம். விசா வழங்குவதோ அரசு. வாக்குக் கொடுப்பவரிடம் வாசலின் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வது அரசின் இறையாண்மை. எந்த விளையாட்டு அமைப்பும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் அரசின் எழுத்துப்பூர்வ உறுதியையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் உருவானது. உறுதி மீறப்பட்டால் விளையாட்டு அமைப்பின் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றே: அடுத்த போட்டியைத் தராமல் இருப்பது.

'ஹோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விருந்தோம்புபவர் என்பதே பழைய பொருள். தமிழ் இதழ்கள் அதைப் 'போட்டியை நடத்தும் நாடு' என்று எழுதுகின்றன. விருந்தோம்பலில் வருபவரே முதன்மை. நடத்துதலில் நடத்துபவரே முதன்மை. இந்த விதிகளின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலான இழுபறிதான்.

ஜகார்த்தா, 1962

இந்த இழுபறியில் இந்தியர் ஒருவரின் குரல் மிக முன்னதாகவே ஒலித்தது. 1962 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 4 வரை ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா உள்ளே விடவில்லை. இதை எதிர்த்தவர் குரு தத் சோந்தி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரான அவர், 1951இல் டெல்லியில் முதல் ஆசியப் போட்டிகள் நடக்க வழிவகுத்தவர்களில் முதன்மையானவர். உறுப்பு நாடுகளை விலக்கி நடத்தும் விழாவை 'ஆசியப் போட்டிகள்' என்று அழைக்கலாகாது என்பது அவர் வாதம். ஒரு போட்டியின் பெயரே அதன் விதி என்று அவர் கருதினார். எல்லாரும் இல்லாதபோது பெயரும் பொருந்தாது.

சோந்தி பேசியது ஒலிம்பிக் அமைப்பின் உறுப்பினராகவே. இந்திய அரசின் பேச்சாளராக அல்ல. ஜகார்த்தாவின் தெருக்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. செப்டம்பர் 3 அன்று இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. சோந்தி நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. மறுநாள் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்திய அணி பகைமை நிறைந்த கூட்டத்தின் முன் விளையாடித் தங்கம் வென்றது. மல்யுத்தத்தில் மாருதி மானே, கண்பத் அந்தல்கர், மால்வா ஆகியோரும், குத்துச்சண்டையில் பதம் பகதூர் மல்லும் தங்கம் வென்றதும் அதே ஜகார்த்தாவில்தான்.

விளைவுகள் உடனே வந்தன. பன்னாட்டுப் பளுதூக்குதல் சம்மேளனம் அங்கீகாரத்தை மறுத்ததால் அந்தப் போட்டியே நடக்கவில்லை. 1963இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. இந்தோனேசியா அதே ஆண்டு நவம்பரில் 'கானெஃபோ' என்னும் மாற்றுப் போட்டிகளை நடத்தியது. விலக்கப்பட்ட நாடுகள் பக்கம் நியாயம் இருந்ததா, இந்தோனேசியாவின் காலனிய எதிர்ப்பு அரசியலில் நியாயம் இருந்ததா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது விதியின் வடிவத்தை: வாசலை மூடியவர் அந்தப் போட்டியை நடத்தி முடிக்கலாம், தண்டனை அடுத்த போட்டியில் காத்திருக்கும்.

கொடியில்லாத மேடை

வாசலை முழுவதும் மூடாமல், பாதி திறக்கும் வழியும் உண்டு. அதை ஜூடோவின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. கொசோவோவின் மஜ்லிண்டா கெல்மெண்டி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவுக்காகக் களமிறங்கினார். 2013இல் கொசோவோவின் பெயரிலேயே உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் உலகப் போட்டி நடந்தபோது, அவர் சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் கொடியின் கீழ் நிற்க நேர்ந்தது. பட்டத்தை மீண்டும் வென்றார். 2016 ரியோவில் கொசோவோவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தந்தவரும் அவரே. ஒரே வீராங்கனை, ஒரே உடல், ஒரே பிடி. நான்காண்டுகளில் அவர் முதுகில் இருந்த எழுத்துகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன.

2017 அக்டோபரில் அபுதாபி கிராண்ட் ஸ்லாமில் இஸ்ரேல் வீரர்கள் தம் கொடியின்றியே போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 66 கிலோ பிரிவில் டால் ஃப்ளிக்கர் தங்கம் வென்றபோது ஒலித்தது சம்மேளனத்தின் பண். அவர் தம் நாட்டுப்பண்ணைத் தமக்குள் பாடிக்கொண்டார். 2018 ஜூலையில் சர்வதேச ஜூடோ சம்மேளனம் அபுதாபி, துனிஸ் இரண்டு போட்டிகளையும் நிறுத்திவைத்தது. சமநடத்தைக்கு அமீரகம் உறுதியளித்த பிறகே அபுதாபிக்கு அனுமதி திரும்பியது. அந்த அக்டோபரில் சாகி முகி தங்கம் வென்றபோது இஸ்ரேலின் நாட்டுப்பண் அந்த அரங்கில் ஒலித்தது. சம்மேளனம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. நாட்காட்டியிலிருந்து ஒரு நகரத்தின் பெயரை நீக்கியது, அவ்வளவே.

இது நடந்து ஒரு மாதத்துக்குள்தான் டெல்லியில் சாடிகுவுக்கு விசா மறுக்கப்பட்டது.

டெல்லி, 2019

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாள்களில் டெல்லியில் துப்பாக்கிச் சுடுதல் உலகக் கோப்பை தொடங்கவிருந்தது. பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்கவில்லை. நாற்பது பேரின் உடல்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த முடிவின் பின்னிருந்த துயரத்தையும் சினத்தையும் வரலாறு சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் விதி துயரத்தின் அளவைக் கேட்பதில்லை.

பிப்ரவரி 21 அன்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு முடிவெடுத்தது. பாகிஸ்தானியர் பங்கேற்கவிருந்த 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவின் ஒலிம்பிக் தகுதிநிலை நீக்கப்பட்டது. எதிர்காலப் போட்டிகள் குறித்து இந்தியாவுடனான பேச்சுகள் நிறுத்தப்பட்டன. அரசின் தெளிவான எழுத்துப்பூர்வ உறுதி கிடைக்கும்வரை இந்தியாவுக்குப் போட்டிகளை வழங்க வேண்டாம் என்று எல்லாப் பன்னாட்டுச் சம்மேளனங்களுக்கும் பரிந்துரை சென்றது.

பரிந்துரையின் சுமை துப்பாக்கிச் சுடுதலோடு நிற்கவில்லை. யுனைடெட் வேர்ல்டு ரெஸ்லிங் தன் உறுப்பு அமைப்புகளிடம் இந்திய மல்யுத்தச் சம்மேளனத்துடனான தொடர்பை நிறுத்தச் சொன்னது. அந்த ஜூலையில் இந்தியாவில் நடக்கவிருந்த ஜூனியர் ஆசிய மல்யுத்தப் போட்டி தாய்லாந்துக்குப் போயிற்று. இந்திய மல்யுத்தச் சம்மேளனம் எவருக்கும் விசா மறுத்ததில்லை. மறுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. தம் நாட்டுப் பார்வையாளர் முன் களமிறங்கும் வாய்ப்பை இழந்தவர்கள் இளம் மல்லர்கள். ஜூனியர் வயது வரம்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 2019 ஜூனில் அரசு எழுத்துப்பூர்வ உறுதி அளித்த பின்னரே தடை விலகியது.

1962இல் சோந்தி எந்த விதிக்காகக் குரல் கொடுத்தாரோ, அதே விதி 57 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நாட்டின் மீதே திரும்பியது. இதை முரண் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் விதி மாறாமல் இருந்ததன் சான்று அது. தனக்கு உவப்பானபோது மட்டும் பொருந்தும் ஒன்றை எவரும் விதி என்று அழைப்பதில்லை.

மீண்டும் அதே அரங்கம்

2020 பிப்ரவரியில் கே.டி. ஜாதவ் அரங்கில் ஆசிய மல்யுத்தப் போட்டி நடந்தது. பாகிஸ்தான் மல்லர்களுக்கு விசா கிடைத்தது. வந்தார்கள், மோதினார்கள், திரும்பினார்கள். சீன அணி வரவில்லை. கொரோனா பரவலால் சீனாவிலிருந்து வருவோரின் விசாக்களை இந்தியா ரத்து செய்திருந்தது. இம்முறை தண்டனை ஏதும் வரவில்லை. நோய்த்தடுப்புக்காக வாசலை மூடுவதற்கும் கொடியைப் பார்த்து மூடுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை விளையாட்டு உலகம் ஏற்றது.

அந்த ஆண்டே விதிகளின் மற்றொரு முகமும் தெரிந்தது. 2021 ஆடவர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி டெல்லியிடமிருந்து எடுக்கப்பட்டு பெல்கிரேடுக்குத் தரப்பட்டது. கட்டணம் உரிய காலத்தில் வரவில்லை என்றது பன்னாட்டுச் சங்கம். எந்தக் கணக்கில் செலுத்துவது என்பதை அந்தச் சங்கமே தீர்த்து வைக்கவில்லை என்றது இந்தியத் தரப்பு. வாசல் பற்றிய மீறலுக்கு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. கட்டணம் பற்றிய தகராற்றில் போட்டியே கைமாறியது. சம்மேளனங்களின் அறச்சீற்றத்தை மதிப்பிடுவோர் இந்த ஒப்பீட்டையும் மறக்கலாகாது.

2023இல் நிலைமை முற்றிலும் தலைகீழானது. மல்யுத்த வீராங்கனைகளின் போராட்டத்தைத் தொடர்ந்து ஆசியப் போட்டி டெல்லியிலிருந்து அஸ்தானாவுக்கு மாற்றப்பட்டது. தேர்தலை உரிய காலத்தில் நடத்தாததற்காக ஆகஸ்டில் இந்திய மல்யுத்தச் சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. செப்டம்பரில் பெல்கிரேடு உலகப் போட்டியில் வெண்கலம் வென்று பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியாவின் இடத்தைப் பெற்றுத் தந்த அந்திம் பங்கால், உலகச் சம்மேளனத்தின் கொடியின் கீழ்தான் மேடையில் நின்றார். செல்யாபின்ஸ்கில் கெல்மெண்டி நின்ற இடம் அது. காரணங்கள் வெவ்வேறு, கொடியில்லாத மேடை ஒன்றே.

எஞ்சும் கேள்வி

2025 ஆகஸ்டில் இந்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. பாகிஸ்தானுடன் இருதரப்புப் போட்டிகள் இல்லை. பல நாடுகள் பங்கேற்கும் பன்னாட்டுப் போட்டிகளுக்கு, அவை இந்தியாவில் நடந்தாலும், அந்தத் தடை பொருந்தாது. இரு நாடுகள் மட்டும் ஆடும் தொடர் அவ்விரு நாடுகளின் உறவைச் சார்ந்தது. உலகப் போட்டி அது நடக்கும் மண்ணுக்கு மட்டும் சொந்தமானதன்று என்ற வேறுபாடு முதன்முறையாக அரசின் எழுத்தில் தெளிவாக இடம்பெற்றது. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்திருப்பதும், 2036 ஒலிம்பிக்கை இந்தியா நாடுவதும் இந்தத் தெளிவின் பின்னணி.

கொள்கை எழுதப்பட்ட நாளில் அது சோதிக்கப்படுவதில்லை. அடுத்த பெருந்துயரத்துக்குப் பிந்தைய வாரத்தில், எங்கோ ஒரு நாட்டின் மல்லர் தூதரக வரிசையில் நிற்கும்போதுதான் சோதிக்கப்படும். அந்த வரிசையில் நிற்பவர் போரை அறிவித்தவர் அல்லர்; எல்லையை வரைந்தவரும் அல்லர். தம் எடைப் பிரிவுக்காக மாதக்கணக்கில் உணவைக் குறைத்துக்கொண்ட ஒருவர். சாடிகுவும் அத்தகைய ஒருவர்தான்.

ஜாதவின் பெயரைத் தாங்கிய அரங்கம் இந்தியாவுடையது. அதில் விரிக்கப்படும் 12 மீட்டர் விரிப்பு, போட்டி நடக்கும் நாள்களில் மட்டும், அதில் கால் வைக்கத் தகுதி பெற்ற அனைவருடையது. பக்கம் பக்கமாக நீளும் விதிகள் இறுதியில் சொல்ல வருவது இவ்வளவே.