கணப்பைச் சுற்றிய விருந்து

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைக் கடந்து செல்லும் மலைப்பாதையில் இருக்கிறது கூக்கால். ஏரியும் சோலைக்காடும் பூண்டு விளையும் படிவயல்களும் கொண்ட சிற்றூர். சென்ற மார்கழியில் நண்பர்கள் மூவர் அங்கே ஓரிரவு தங்கினோம். தங்குமிடத்தின் விலைப்பட்டியலில் 'பார்பிக்யூ நைட்' என்று ஒரு வரி இருந்தது. முற்றத்தில் தணலின்மேல் கோழி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளைஞர் குழு பியர் புட்டிகளோடு அமர்ந்து, கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது. சுட்ட ஊன், மது, ஆட்டம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவதன் வரலாற்றை எண்ணிப் பார்க்க அந்தக் காட்சியே நம்மைத் தூண்டியது.

'பார்பிக்யூ' என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளில் இருக்கிறது என்பர். தைனோ மக்கள் இறைச்சி வாட்டுவதற்காகக் குச்சிகளால் கட்டிய பரணின் பெயரை ஸ்பானியர் 'பார்பகோவா' என்று எடுத்துக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க உணவகங்கள் ஊனுக்கும் பியருக்கும் துணையாகத் தொலைக்காட்சித் திரைகளை வைத்தன. ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1982இல் தொடங்கிய 'பஃபலோ வைல்ட் விங்ஸ்' இவ்வகையில் பெரும் சங்கிலியாக வளர்ந்தது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமானது 2006இல் மும்பையில் தொடங்கிய 'பார்பிக்யூ நேஷன்'. 2021இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. உண்பவரின் மேசையிலேயே கரி அடுப்பைப் பதித்தது அதன் புதுமை. மேசையில் ஒரு சிறு கொடியும் உண்டு. அது நிமிர்ந்திருக்கும்வரை கம்பிகளில் கோத்த ஊன் வந்துகொண்டே இருக்கும், சாய்த்தால் நின்றுவிடும். அமெரிக்க முறையிலான மதுக்கூடச் சங்கிலி தமிழ்நாட்டில் வேரூன்றவில்லை. 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் வசம். மதுக்கூட உரிமமோ பெரும்பாலும் விடுதிகளோடும் சங்கங்களோடும் நின்றுவிட்டது.

எனினும் இக்கூட்டு நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வலியோர் சுட்ட கடல் இறாலையும் வேகவைத்த வயல் ஆமையையும் தின்கின்றனர். பூச்சூடி மன்றத்தில் பலரோடு கூடிக் கையாலும் படைக்கலத்தாலும் மோதுகின்றனர். அதே நூலில், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாத பரதவர் பனங்கள் பருகி ஆடி மகிழ்கின்றனர். உணவகச் சங்கிலி இன்று கூரைக்கடியில் கொண்டுவந்து விற்பதை அன்று ஊர் மன்றமும் கடற்கரையும் விலையின்றித் தந்தன.

விருந்தளிப்பவன் யார் என்பதை முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை காட்டுகிறது. கரிகாலன் தன் பொருநனுக்கு முதலில் கள் தருகிறான். பின்னர் இரும்புக் காழில் கோத்துச் சுட்ட ஊனைத் தின்னுமாறு வற்புறுத்துகிறான். சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்ற பொருநனின் பற்கள், கொல்லை உழுத கொழுவைப் போல மழுங்கிப் போகின்றன. விடைபெறும்போது மன்னன் பிரிய மனமின்றி வருந்துகிறான். தேரும் குதிரைகளும் ஈந்து, ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான்.

கொடி அந்த வற்புறுத்தலின் இடத்தில் நிற்கிறது. அளவின்றி உண்ணலாம் என்னும் தாராளம் இரண்டிலும் உண்டு. ஆனால் கொடியைச் சாய்த்தால் வருந்துவதற்கு அங்கே எவருமில்லை. ஒருவகையில் அது விடுதலையும்கூட. புரவலனைப் பாடித்தான் பொருநன் உண்ண முடிந்தது. நாம் பணத்தைக் கட்டிவிட்டு எவருக்கும் கடன்படாமல் எழுந்து வந்துவிடலாம். அந்த விடுதலையின் விலையாகவே விருந்தினன் வாடிக்கையாளன் ஆனான் என்று தோன்றுகிறது.

கூக்காலில் அன்று தணலைப் பார்த்துக்கொண்டவர் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். கோழி தீர்ந்தபின், தம் தோட்டத்து உருளைக்கிழங்குகளையும் பூண்டையும் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டெடுத்தார். "போதும் ஐயா" என்றோம். "இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க சார், குளிருக்கு நல்லது" என்று இலையில் வைத்தார். பிறகு, காட்டெருமை நடமாடும் வழி என்று சொல்லி, கைவிளக்கோடு அறைவாசல்வரை உடன் வந்தார்.

மறுநாள் காலை தந்த ரசீதில் கோழிக்கு மட்டுமே விலை போட்டிருந்தார்கள்.