மாற்றத்தை முடிவு செய்பவர் யார்? பைத்தான் தரவுத்தள நூலகங்களில் தரவுவகை மாற்றம் வளர்ந்த வரலாறு

பைத்தானில் எழுதிய செயலி ஒன்று தரவுத்தளத்தில் ஒரு தேதியைச் சேமிக்கிறது. பிறகு அதையே கேட்டு வாங்குகிறது. அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒன்றுதானா? இரு பக்கமும் 'தேதி' என்ற பெயரே இருப்பதால் இதற்கு விடை எளிது என்று தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் தேதி வகை கி.மு. 4713 முதல் கி.பி. 58,74,897 வரை விரிகிறது. 'முடிவிலி' என்ற மதிப்பையும் ஏற்கிறது. பைத்தானின் தேதி 1ஆம் ஆண்டில் தொடங்கி 9999இல் நின்றுவிடுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் 0000-00-00 என்றொரு தேதி உண்டு. பைத்தானில் அதற்கு இடமே இல்லை. ஆரக்கிளின் எண் வகை 38 இலக்கம் வரை பிசகாமல் வைத்திருக்கும். பைத்தானின் மிதவைப் புள்ளி எண்ணோ 15 முதல் 17 இலக்கங்களுக்கு மேல் தாங்காது. எஸ்க்யூலைட்டில் தேதி என்ற சேமிப்பு வகையே கிடையாது.

ஆகவே வகை மாற்றம் என்பது வெறும் இயந்திர வேலை அல்ல, ஒவ்வொரு முறையும் யாரோ எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுப்பது நூலகத்தை எழுதியவரா, அதைப் பயன்படுத்துபவரா? எடுத்த முடிவு செயலி முழுவதற்கும் செல்லுமா, ஒரே ஓர் இணைப்புக்கு மட்டுமா? பைத்தான் தரவுத்தள நூலகங்களின் வளர்ச்சியை இந்த இரண்டு கேள்விகளோடு படித்தால், தனித்தனியாகத் தெரியும் வடிவமைப்புகள் ஒரே வரலாறாகக் கோவைப்படுகின்றன.

பொதுத்தரம் விட்டுவைத்த இடம்

பைத்தான் தரவுத்தள நூலகங்களுக்கான பொதுத்தரம் பெப் 249. மார்க்-ஆந்த்ரே லெம்பர்க் தொகுத்த இதன் இரண்டாம் பதிப்பு 1999இல் வந்தது. இணைப்பு, கர்சர், வினவலை இயக்குதல், வரிசைகளை எடுத்தல் ஆகியவற்றை அது தெளிவாக வரையறுத்தது. வகைகளைப் பற்றி அது சொன்னது குறைவு. தேதி, நேரம், பைனரி மதிப்புகளை உருவாக்கச் சில கட்டமைப்பான்களைத் தந்தது. ஒரு நெடுவரிசை சரமா, எண்ணா, தேதியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து வகைப் பொருள்களைத் தந்தது. ஒவ்வொரு நெடுவரிசையையும் விவரிக்கும் ஏழு உறுப்புகளில் ஒன்றை வகைக் குறியீட்டுக்கு ஒதுக்கியது. பயனர் தம் சொந்த வகையை எப்படி அனுப்புவது, வருவதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதற்கு அதில் வழி சொல்லப்படவில்லை.

இதைக் குறையாகப் பேசுபவர்கள் உண்டு. அன்றைய நிலையை வைத்துப் பார்த்தால் அந்த மௌனம் நியாயமானதே. பைத்தானுக்குள் தேதிக்கான மாட்யூல் வந்தது 2003இல், 2.3 பதிப்பில். பதின்மக் கணக்கைத் துல்லியமாகச் செய்யும் டெசிமல் 2004இல், 2.4 பதிப்பில் வந்தது. தேதிக்கே மொழியில் உறுதியான வடிவம் இல்லாத காலத்தில் மாற்ற விதிகளைப் பொதுத்தரத்தில் எழுதியிருந்தால் அவை விரைவில் பழசாகியிருக்கும். டெசிமலை இணைக்கும் வேலையை அந்த ஆவணம் இன்னும் முடியாதவற்றின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு நூலகமும் தன் வழியில் நிரப்பியது. ஆண்டி டஸ்ட்மன் எழுதிய மைஎஸ்க்யூஎல்டிபி ஒரே அகராதியில் இரு திசைகளையும் வைத்தது. தரவுத்தளத்தின் வகை எண் திறவுகோலாக இருந்தால் அது வருகைக்கான செயற்கூறு. பைத்தான் வகை திறவுகோலாக இருந்தால் அனுப்புவதற்கானது. இணைப்பை ஏற்படுத்தும்போதே இந்த அகராதியைக் கொடுக்கலாம் என்பதால், முடிவு அந்த இணைப்போடு நின்றது. பின்னால் வந்த பெரிய நூலகங்கள் பல ஆண்டுகள் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் இது தொடக்கத்திலேயே நின்றது என்பதை வரலாறு எழுதுபவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆரக்கிளுக்கான சிஎக்ஸ் ஆரக்கிளும் இணைப்புக்கோ கர்சருக்கோ தனித்தனியே கையாளிகளைப் பொருத்தவிட்டது. 38 இலக்க எண்களை டெசிமலாக வாங்க விரும்பியவர்கள் அந்த வழியைத்தான் பிடித்தார்கள்.

நிராகரிக்கப்பட்ட முன்மொழிவின் மறுவாழ்வு

2001இல் அலெக்ஸ் மார்டெல்லியும் கிளார்க் எவன்ஸும் பெப் 246 என்ற முன்மொழிவை வைத்தார்கள். ஒரு பொருளை வேறொரு நெறிமுறைக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பொது ஏற்பாடு அது. மாறும் முறையைப் பொருளே சொல்லலாம். 'கன்ஃபார்ம்' என்ற சிறப்பு முறை அதற்காக. நெறிமுறையும் சொல்லலாம். பொருளை எழுதியவரும் நெறிமுறையை எழுதியவரும் ஒருவரையொருவர் அறியாதபோது மூன்றாம் நபர் வெளியிலிருந்து பதிவு செய்யலாம். மொழியின் பகுதியாக இது ஏற்கப்படவில்லை, முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது.

ஆனாலும் தரவுத்தள நூலகங்களில் அது உயிரோடு இருக்கிறது. ஃபெடரிக்கோ டி கிரிகோரியோ போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கான சைக்கோபிஜியில் இந்த ஏற்பாட்டின் சுருங்கிய வடிவத்தை சி மொழியில் எழுதினார். கெர்ஹார்ட் ஹேரிங் தம் பைஎஸ்க்யூலைட்டுக்கு அந்த நிரலையே அனுமதியோடு எடுத்துக்கொண்டார். 2006இல் பைத்தான் 2.5 வெளிவந்தபோது பைஎஸ்க்யூலைட் 'எஸ்க்யூலைட்3' மாட்யூலாக மொழியின் செந்தர நூலகத்துக்குள் நுழைந்தது. அந்த மூலக்கோப்பின் தலைப்பில் 2003-2004 என்ற ஆண்டுகளும் சைக்கோபிஜியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் பதிவாகியிருந்தன. மொழி வாசலில் திருப்பி அனுப்பிய ஒரு கருத்து, தரவுத்தள வழியாக அதே மொழியின் உள்ளே வந்து அமர்ந்தது.

எஸ்க்யூலைட்3: ஒரு பெயரை நம்பிய வடிவமைப்பு

ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய எஸ்க்யூலைட்டுக்குச் சேமிப்பு வகைகள் ஐந்தே: வெறுமை, முழு எண், மெய்யெண், உரை, பைட் தொகுப்பு. நெடுவரிசைக்கு எந்த வகைப் பெயரையும் அறிவிக்கலாம். தரவுத்தளம் அதைப் பெரும்பாலும் ஒரு விருப்பமாகவே எடுத்துக்கொள்ளும். ஹேரிங்கின் நுட்பம் இந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டதுதான். அட்டவணையில் ஒரு நெடுவரிசையை 'பாயிண்ட்' என்று அறிவித்து, அதே பெயரில் ஒரு கன்வெர்ட்டரைப் பதிவு செய்தால், அந்த நெடுவரிசையிலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பும் கன்வெர்ட்டர் வழியாக உங்கள் சொந்தப் பொருளாகி வரும். அனுப்பும் திசைக்கு அடாப்டர். வெறுமை மதிப்பு வந்தால் கன்வெர்ட்டர் அழைக்கப்படாது. மற்றவை அனைத்தும் பைட்டுகளாகவே அதன் கைக்கு வரும்.

அழகான ஏற்பாடுதான், ஆனால் அதன் எல்லை விரைவில் தெரிந்துவிடும். அறிவித்த வகை அட்டவணையின் நெடுவரிசைக்குத்தான் உண்டு, கணக்கிட்டு வரும் மதிப்புக்கு இல்லை. நெடுவரிசையை நேராகக் கேட்டால் தேதிப் பொருள் வரும். அதே நெடுவரிசையின் உச்ச மதிப்பைக் கேட்டால் சரம் வரும். இதைச் சமாளிக்க இரண்டாவது வழி சேர்க்கப்பட்டது: வினவலில் நெடுவரிசைக்கு வைக்கும் மாற்றுப்பெயருக்குள் சதுர அடைப்பில் வகையின் பெயரை எழுதலாம். இரண்டையும் இணைப்பை ஏற்படுத்தும்போது தனித்தனியே இயக்கிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பதிவேட்டில் இருந்தது. அடாப்டரும் கன்வெர்ட்டரும் செயலி முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் ஏறுகின்றன. இரண்டு நூலகங்கள் ஒரே வகைப் பெயருக்கு வெவ்வேறு கன்வெர்ட்டர்களைப் பதிவு செய்தால் பிந்தியது வெல்லும். முந்தியது சத்தமில்லாமல் மறையும். எது பிந்தியது என்பதை மாட்யூல்கள் இறக்குமதியாகும் வரிசை தீர்மானிக்கும். தரவின் பொருள் இறக்குமதி வரிசையைப் பொறுத்து மாறுவதை நான் பிழையான வடிவமைப்பு என்றே கருதுகிறேன்.

உடன் வந்த இயல்பு மாற்றங்களும் தொல்லை தந்தன. நேரமண்டலம் சேர்ந்த ஒரு நேரத்தை, எடுத்துக்காட்டாக 09:30:00.250000+05:30 என்பதை, இயல்பு அடாப்டர் முழுதாக எழுதிவிடும். படிக்கும் கன்வெர்ட்டர் +05:30 என்ற பகுதியை விட்டுவிட்டு மண்டலம் இல்லாத நேரத்தைத் தரும். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றையொன்று அறியவில்லை. இயல்பு அடாப்டர்களையும் கன்வெர்ட்டர்களையும் கைவிடப்பட வேண்டியவை என்று பைத்தான் 3.12 அறிவித்தது, ஆண்டு 2023. அவற்றுக்கு மாற்றாகச் சொந்தமாக எழுதிக்கொள்ள மாதிரி நிரல்கள் ஆவணத்தில் தரப்பட்டன. நூலகம் 17 ஆண்டுகள் கையில் வைத்திருந்த முடிவைப் பயனரிடம் ஒப்படைத்த தருணம் அது.

சைக்கோபிஜி: பதிவேடு இறங்கி வந்த கதை

சைக்கோபிஜி 2இல் இரு திசைகளும் சமமாக இல்லை. வரும் மதிப்பை மாற்றும் செயற்கூற்றைச் செயலி முழுவதற்கும் பதியலாம்; ஓர் இணைப்புக்கோ கர்சருக்கோ மட்டும் என்றும் பதியலாம். அனுப்பும் அடாப்டருக்கு அந்தச் சலுகை இல்லை, அது எப்போதும் பொதுவானதே. பைத்தான் 2 காலத்தில் தமிழ்த் தரவோடு வேலை செய்தவர்கள் வருகைத் திசையின் வசதியை நன்றாக அறிவார்கள். இயல்பாக உரை பைட்டுகளாகவே வந்தது. ஐந்து யூனிகோட் குறியெண்கள் கொண்ட 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 15 என்று வரும். யூனிகோடுக்கான மாற்றியைப் பதிந்த பிறகே கணக்கு சரியாகும்.

அனுப்பும் திசையில் சைக்கோபிஜி 2இன் அடாப்டர் மதிப்பை எஸ்க்யூஎல் எழுத்துவடிவமாக்கி வினவலுக்குள்ளேயே பதித்துவிடும். சேவையகம் அதைப் பார்த்து வகையைத் தானே ஊகித்துக்கொள்ளும். டேனியேலே வராட்சோ தலைமையில் 2021இல் வந்த சைக்கோபிஜி 3 இதை அடியோடு மாற்றியது. வினவல் ஒரு பக்கமும் மதிப்புகள் ஒரு பக்கமுமாகச் சேவையகத்துக்குப் போகின்றன. மதிப்போடு அதன் வகை எண்ணும் போக வேண்டும். இங்கேதான் வடிவமைப்பின் கடினமான பகுதி. பைத்தானில் முழு எண் ஒரே வகை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இரண்டு, நான்கு, எட்டு பைட் என மூன்று வகைகள், அதற்கு மேல் நியூமெரிக். தேதியோடு நான்கு பைட் எண்ணைக் கூட்டலாம். எட்டு பைட் எண்ணைக் கூட்டும் செயற்குறி அங்கே இல்லை. 7 என்ற எண்ணை எட்டு பைட் என்று அனுப்பினால், தேதியோடு ஏழு நாள் கூட்டும் சாதாரண வினவலும் தோற்றுப்போகும். ஆகவே வகையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் போதாது, மதிப்பையும் பார்க்க வேண்டும். அனுப்பும் பொருளான டம்பருக்குள் இதற்கென்றே ஒரு படி வைக்கப்பட்டது: மதிப்பைப் பார்த்து, அதற்குப் பொருத்தமான வேறொரு டம்பரை அது கைகாட்டலாம்.

பதிவேடும் இறங்கி வந்தது. டம்பர்களும், வரும் மதிப்பை மாற்றும் லோடர்களும் ஏறும் வரைபடம் மூன்று நிலைகளில் இருக்கிறது: பொது, இணைப்பு, கர்சர். இணைப்பு உருவாகும்போது பொது வரைபடத்திலிருந்தும், கர்சர் உருவாகும்போது இணைப்பின் வரைபடத்திலிருந்தும் தொடங்கும். கீழே செய்த மாற்றம் மேலே ஏறாது. முடிவிலித் தேதியை 9999 டிசம்பர் 31 என்று வாங்க விரும்பினால், லோடரிலிருந்து ஒரு துணை வகுப்பைச் சில வரிகளில் எழுதி அந்தக் கர்சருக்கு மட்டும் பதியலாம். பக்கத்தில் ஓடும் வேறொரு வினவல் முன்போல் பிழை எழுப்பும். வேகமும் இதில் சேர்ந்தே சிந்திக்கப்பட்டது. லோடரைத் தேடுவது நெடுவரிசைக்கு ஒருமுறை, மதிப்புக்கு ஒருமுறை அல்ல. இத்தகைய நூலகங்களின் மேலடுக்காக இயங்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் இதே உத்தியைக் கையாள்கிறது.

செந்தர நூலகத்தின் எஸ்க்யூலைட்3 மட்டும் இன்னும் பழைய பொதுப் பதிவேட்டோடு இருக்கிறது. இயல்பு மாற்றங்களைக் கைவிட்டது முதல் படி. இணைப்புக்கான பதிவேடு அடுத்ததாக வர வேண்டும். அது வரும்வரை, பிறர் பயன்படுத்தும் நூலகங்களை எழுதுபவர்கள் தங்கள் மாட்யூலை இறக்குமதி செய்ததும் அடாப்டரும் கன்வெர்ட்டரும் தாமாகப் பதிவாகும்படி எழுத வேண்டாம். பதிவு செய்யும் செயற்கூற்றைத் தனியாகக் கொடுங்கள். அதை அழைப்பதா என்பதைச் செயலியை எழுதுபவர் முடிவு செய்யட்டும்.