பம்ப் பழுதில்லை, தண்ணீர்தான் ஆழம்!

ஷவரில் தண்ணீர் நூலாக வடிந்தால் எல்லோரும் முதலில் குறை சொல்வது பம்ப்பைத்தான். ஆனால் பம்ப் நன்றாக இருந்தும் தண்ணீர் வராமல் போகலாம். இதை ஐரோப்பா புரிந்துகொண்ட கதை சுவையானது.

1638-ல் வெளியான தன் கடைசி நூலில் கலிலியோ ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு தொட்டியில் பம்ப் பொருத்தியிருந்தார்கள். நீர்மட்டம் உயர்ந்திருந்தபோது தண்ணீர் தாராளமாக வந்தது. மட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து, பழுது பார்ப்பவரை அழைத்தார்கள். அவரோ, "பம்ப்பில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் ரொம்பக் கீழே இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். இத்தாலிய முழக் கணக்கில் 18-க்கு மேல், அதாவது சுமார் 10 மீட்டருக்கு மேல், எந்த உறிஞ்சு பம்ப்பும் தண்ணீரை ஏற்றாதாம். அந்தத் தொழிலாளியின் பெயர் நூலில் இல்லை.

ஏன் இந்த எல்லை? நீளமான கயிறு தன் எடையைத் தாங்காமல் அறுவது போல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று கலிலியோ நினைத்தார். அது தவறு.

சரியான விடையைச் சொன்னவர் டாரிசெல்லி. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் அதை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 10.3 மீட்டர். அதே எல்லைதான்! வெளிக்காற்றின் எடைதான் பாதரசத்தைத் தாங்குகிறது என்று 1644-ல் அவர் கடிதம் எழுதினார். அப்படியென்றால் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. காற்றை வெளியேற்றி வழிவிடுகிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று.

1648 செப்டம்பர் 19 அன்று பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே, பிரான்சின் பூய் தெ தோம் மலை உச்சிக்குப் பாதரசக் குழாயைக் கொண்டு போனார். பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியது. உயரே போனால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது உறுதியானது.

இங்கிலாந்து வீடுகளில் ஷவர் பம்ப்பைப் பெரும்பாலும் சுடுநீர் சிலிண்டரின் அடியில் வைப்பதற்கும் இதே விதிதான் காரணம். மேலே உள்ள தொட்டித் தண்ணீர் தானாகவே பம்ப்புக்குள் இறங்க வேண்டும். சுடுநீர் எளிதில் ஆவியாகும். உள்வரும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் குமிழிகள் உண்டாகி, பம்ப் கடகடவென்று சத்தம் போடும், தண்ணீர் வராது.

ஆகவே பம்ப்பைக் கழற்றுமுன் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பல நேரம் கோளாறு பம்ப்பில் இருக்காது, அதற்கு முன்னால் இருக்கும்.