பழைய துப்பாக்கியின் மதிப்பு என்ன?



பட்டாளத்தார் விட்டுச் சென்ற ஒரு பழைய துப்பாக்கி நம் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல நிலையில் இருக்கிறதா, அதற்கு என்ன மதிப்பு என்று எப்படிக் கணிப்பது? சிலிம் ரிவர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதல்ல. துரோலாக்கிலிருந்து சிலிம் ஆற்றுப் பாலம் வரை நம் ரப்பர்க் காடுகளின் ஊடே ஒரு பெரும்போர் நடந்தது. அந்தப் போரையும், அதில் கைவிடப்பட்ட துப்பாக்கிகளையும் பற்றி இன்று சிறிது பார்ப்போம்.

இங்குப் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்தது ‘திரீ நாட் திரீ’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் லீ என்பீல்டு துப்பாக்கி. ஏறத்தாழ 4 கிலோ எடை. ஒரே சமயத்தில் 10 தோட்டாக்கள் போடலாம். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இசாப்பூர் ஆலையில் இந்தியப் படைகளுக்காக இவை செய்யப்பட்டன.

பால் வெட்டும் கத்தியை வாங்கும்போது நாம் பிடியின் அழகைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறோம். துப்பாக்கியும் அப்படித்தான். விவரம் அறிந்தவர் முதலில் பார்ப்பது குழலின் உட்புறத்தை. அங்கே தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் ஐந்து முறுக்கு வரிகள் உண்டு. அவை கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் குழல் நன்றாக இருக்கிறது என்று பொருள். அக்காலத் தோட்டாவின் மருந்து, சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடும். அதனால் சிப்பாய்கள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசினார்கள். அதற்கான கயிறும் எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள்ளேயே ஒரு சிறு மூடியின் பின்னால் இருந்தன. நம் நாட்டு மழையிலும் ஈரத்திலும் சில நாள் கவனிக்காமல் விட்டாலே துரு ஏறிவிடும்.

அடுத்து, எண்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்தப்பட்டது. தண்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொன்றின் தண்டைச் செருகியிருந்தால், சுடும்போது தோட்டாவின் கூடு வெடித்துச் சுடுபவரையே காயப்படுத்தலாம். மூன்றாவதாக, முத்திரை. கிரீடத்தின் கீழ் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளும், ஆலையின் பெயரும், ஆண்டும் இருந்தால் அது இந்தியாவில் பிறந்த துப்பாக்கி. ‘டி.பி.’ என்றிருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே, சுடுவதற்கு உதவாது.

நேயர்களே, இப்படி எல்லா வகையிலும் தேறிய துப்பாக்கிகூட 1942 ஜனவரி 7ஆம் நாள் இங்கே பயன்படவில்லை. அன்று விடியுமுன் சுமார் 20 ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் சாலையில் பாய்ந்தன. டாங்கியின் இரும்புத் தகட்டைத் துப்பாக்கித் தோட்டா என்ன செய்யும்? குளூனி தோட்டத்தருகே நடந்து வந்துகொண்டிருந்த கூர்க்காப் படை நடுச்சாலையில் சிதறியது. காலைப் பொழுதிலேயே ஆற்றுப் பாலம் எதிரியின் வசமாயிற்று. 11ஆவது இந்திய டிவிஷன் நொறுங்கியது. சுமார் மூவாயிரம் பேர் சிறைப்பட்டனர். அவர்களுடைய வண்டிகளும் ஆயுதங்களும் நம் மரங்களுக்கிடையே கிடந்தன.

அவ்வாறு மலாயாவில் கைவிடப்பட்ட ஆயுதங்களுக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் துப்பாக்கிகளே பெரும்பாலும் இந்திய தேசிய இராணுவத்துக்கு வழங்கப்பட்டன. 1943 ஜூலை 12ஆம் நாள் சிங்கப்பூரில் இருபது பெண்கள் அந்தக் கனத்த துப்பாக்கியை ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அதிலிருந்து எழுந்த ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டங்களிலிருந்து சென்ற பெண்கள் பலர் சேர்ந்தனர்.

இன்னொரு புறம், காட்டில் இருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரும் போர்க்களங்களில் ஆயுதங்களைப் பொறுக்கிச் சேர்த்தனர். 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்து வெளியேறியவருக்கு 350 வெள்ளி தரப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு அது பல மாதக் கூலி. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷார் அவர்களுக்குக் கொடுத்தவை 4,700க்குச் சற்று அதிகம். திரும்பி வந்தவையோ ஏறக்குறைய 5,500. கொடுத்ததைவிட அதிகம் வந்ததே என்று மகிழ முடியவில்லை. ஏனெனில் ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தவையும் ஏராளம்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதும் அவசரகாலச் சட்டம் வந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒப்படைத்தவருக்கு 350 வெள்ளி பெற்றுத் தந்த பொருள், இப்போது வைத்திருப்பவரின் உயிரையே கேட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும்தான். இந்திய அரசு கருணை காட்டக் கேட்டும் பயனில்லை. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தொழிலாளியின் கூலிக்காகப் பேசிய அவரது வாழ்வு அந்த ஆறு தோட்டாக்களோடு வைத்து எடைபோடப்பட்டது.

ஆகவே, ஒரு பழைய துப்பாக்கியின் மதிப்பைக் குழலும் எண்ணும் முத்திரையும் மட்டும் சொல்லிவிடுவதில்லை. அது யார் கையில், எந்தக் காலத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மறுநடவுக்கு மண்ணைத் தோண்டும்போதும், ஆற்றோரத்திலும், துருப்பிடித்த தோட்டாவோ குண்டோ தென்படலாம். துரு ஏறியதால் அது செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எத்தனை ஆண்டானாலும் வெடிக்கக் கூடும். பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். துப்பாக்கியாக இருந்தாலும் அதுவே வழி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். ‘தாத்தா காலத்துப் பொருள்’ என்பது சட்டத்தின் முன் நில்லாது.

நாம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்த நாள்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். துப்பாக்கிகளைப் போர்ட் டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இன்றும் பார்க்கலாம். தோட்டத்து மக்கள் பட்ட பாட்டை நாம் எழுதி வைத்தால்தான் நம் பிள்ளைகள் அறிவார்கள்.