மைதானத்துல மட்டும் பாட்டு ஏன் அறுந்துபோகுது?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு ஹெட்ஃபோன்.

போன மாசம் டவுன்ஹால் ரோட்டுல ஒரு நெக்பேண்ட் வாங்கினேன். ஓடும்போது கழுத்துல போட்டுக்கிற வகை. செல்லூர்ல என் வீடு மூணாவது மாடி. ஃபோன்ல வைஃபை தேடினா அக்கம்பக்கத்து வீட்டுப் பேரெல்லாம் வரிசையா வந்து நிக்கும். அவ்வளவு நெரிசல்லயும் பாட்டு ஒரு தடவைகூட அறுந்ததில்லை. மறுநாள் காலையில ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன். சுத்தி ஒண்ணுமே இல்லை, வெட்டவெளி. ரெண்டாவது ரவுண்டுலயே பாட்டு திக்க ஆரம்பிச்சிருச்சு.

கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். "ரீசெட் பண்ணிப் பாருங்க தம்பி"ன்னார். பண்ணினேன். மாறலை. சார்ஜ் முழுசா ஏத்தினேன். மாறலை. கூட்டத்துல ஓடுது, ஆளில்லாத இடத்துல நிக்குது. இது எப்படி? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்பதான் ஒரு நூறு வருஷக் கதை வந்து விழுந்துச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். கடைசியில ஹெட்ஃபோனையும் சரி பண்ணிருவோம், கவலைப்படாதீங்க.

கதையை எங்க வீட்டுப் பரணிலிருந்து தொடங்குறேன். மேலூர் பக்கம் எங்க தாத்தா வீடு. அங்கே ஒரு பழைய தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ரேடியோ லைசென்ஸ். வீட்டில் ரேடியோ வைத்துப் பாட்டுக் கேட்க வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்க அப்பா சொல்வார்: "லைசென்ஸ் பாக்க ஆள் வர்றாங்கன்னு சொன்னா, தாத்தா முதல்ல அந்தப் புத்தகத்தைத்தான் தேடுவார்ப்பா." 1980-களில்தான் இந்த வழக்கம் நாடு முழுக்க முடிவுக்கு வந்தது.

இதுக்குப் பின்னால் இருந்தவை இரண்டு சட்டங்கள். ஒன்று 1885-ன் இந்தியத் தந்திச் சட்டம். இன்னொன்று 1933-ன் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். இரண்டாவது சட்டம் சொன்னதைச் சுருக்கமா சொன்னா இதுதான்: கம்பியில்லாக் கருவி எதையும் லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருக்கவே கூடாது. பயன்படுத்துவது அப்புறம், வைத்திருப்பதே குற்றம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. தாத்தாவோட ரேடியோ கேட்க மட்டும்தான் செய்யும். நம்ம நெக்பேண்டோ கேட்கவும் செய்யும், பதிலும் அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட் வந்து சேர்ந்ததும் 'கிடைச்சிருச்சு'ன்னு ஃபோனுக்குச் சொல்லும். அதாவது உங்க கழுத்துல தொங்குறது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். பழைய சட்டத்தின் கண்ணில் அது தாத்தாவோட ரேடியோவைவிடப் பெரிய விஷயம். அப்படியிருக்க, நம்மகிட்ட ஏன் யாரும் லைசென்ஸ் கேக்கலை?

அதுக்கு நாம கொஞ்சம் வெளிநாடு போய் வரணும்.

1942 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவாச்சு. அதில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், இன்னொருவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். கடலுக்குள் போகும் டார்பிடோவை ரேடியோ மூலம் இயக்கும்போது எதிரி அந்த அலைவரிசையைக் கெடுத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவிக்கொண்டே இருந்தால் போதும். தானாக வாசிக்கும் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் ஓடும் அல்லவா, அதுபோல ஒரு சுருளை இரண்டு பக்கமும் ஓடவிட நினைத்தார்கள். பியானோவுக்கு 88 கட்டைகள், இதற்கு 88 அலைவரிசைகள். கடற்படை அன்றைக்கு இதைப் பயன்படுத்தவில்லை. 'ப்ளூடூத்தைக் கண்டுபிடித்த நடிகை' என்று இணையத்தில் சுற்றும் பதிவுகள் கொஞ்சம் மிகை. தாவும் யோசனை அவர்களுக்கு முன்பும் இருந்தது, பின்பும் பலர் வளர்த்தார்கள். ஆனால் அந்த யோசனைதான் இன்றைக்கு உங்கள் காதில் ஓடுகிறது.

அடுத்த திருப்பம் 1985. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை, இப்படிப் பரவியும் தாவியும் போகும் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமலே திறந்துவிட்டது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அதே இடம். அடுப்பு இரைச்சல் இருக்கும் இடம் என்பதால் பெரிய நிறுவனங்கள் யாரும் போட்டி போடாத புறம்போக்கு மாதிரி கிடந்தது. வைஃபை வளர்ந்தது அங்கேதான்.

1994-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் ஃபோனையும் மற்ற கருவிகளையும் கம்பியில்லாமல் இணைக்கும் வேலையைத் தொடங்கினார். 1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் கூட்டுச் சேர்ந்தன. 10-ம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர்தான் 'ப்ளூடூத்'. இவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் புறம்போக்கை 79 பாத்திகளாகப் பிரித்தார்கள். உங்கள் ஃபோனும் ஹெட்ஃபோனும் நொடிக்கு 1,600 தடவை பாத்தி மாறும். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இன்னொரு நல்ல பழக்கமும் சேர்ந்தது. எந்தப் பாத்தியில் பக்கத்து வீட்டு வைஃபை உட்கார்ந்திருக்கிறதோ, அதை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும்.

என் செல்லூர் வீட்டுல அத்தனை வைஃபைக்கு நடுவுல பாட்டு ஏன் அறுகலைன்னு இப்ப புரியுதா? ஒதுங்கிப் போகக் கத்துக்கிட்ட கருவி அது.

சரி, இந்தியாவுக்குத் திரும்புவோம். 2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விதி வெளியிட்டது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வைத்திருக்கலாம், விற்கலாம், இயக்கலாம். நாம யாரும் கவனிக்காத ஒரு கெஜட் அறிவிப்பு. தாத்தாவின் தகரப் பெட்டிப் புத்தகம் நமக்குத் தேவைப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஆனா அதுல மூணு நிபந்தனை இருந்துச்சு. ஒன்று, நீ யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது. இரண்டு, உனக்கு யாராவது இடைஞ்சல் செய்தால் பாதுகாப்புக் கேட்க முடியாது. மூன்று, இது யாருக்கும் தனிச்சொத்து இல்லை, பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும்.

மேலூர்ப் பக்கத்து ஆளுக்கு இது புதுசா? கண்மாய்த் தண்ணிக்கும் இதே கணக்குதான். தண்ணி பொது. நீர்பாய்ச்சி முறை வைத்துத் திறந்துவிடுவார். உன் முறை வரும்போது பாய்ச்சிக்கோ, அடுத்தவன் மடையை அடைக்காதே. பணம் கொடுத்து மொத்தமா வாங்க முடியாது. இதோட மதிப்பு என்னன்னு தெரியணும்னா பக்கத்து வயலைப் பாருங்க. 2010-ல் இந்தியா இதை ஒட்டியே இருக்கும் 2.3 கிகாஹெர்ட்ஸை ஏலம் விட்டது. போனது 38,000 கோடி ரூபாய்க்கு மேல. வரப்புக்கு இந்தப் பக்கம், நீங்களும் நானும் பைசா கட்டாம பாட்டுக் கேக்குறோம்.

பாட்டு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன்.

1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. பின்னால் தேனியிலும் கிளை வந்தது. ஆனா கிராமத்தில் இருக்கிறவங்களுக்குத் தேனியே தூரம். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், துணைக்கு வர்றவரோட கூலியும் போகும். அதனால் பார்வை மங்கினாலும் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'னு தள்ளிப்போடுவாங்க. போடி போன்ற ஊர்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். அதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அன்றைக்கு அந்த ஊர்களில் அது கிடையாது.

2005 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு ஒன்று அரவிந்தோடு சேர்ந்தது. லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசையில், சாதாரண வைஃபை கருவிகளையே உயரமான கம்பங்களில் ஏற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி ஆன்டெனாவைத் திருப்பி, கிலோமீட்டர் கணக்கில் இணைத்தார்கள். வைஃபை ஒரு வீட்டுக்குள் வேலை செய்ய உருவானது. தூரம் கூடினால் 'கிடைச்சிருச்சு' என்ற பதில் வர நேரமாகும், அனுப்பியவர் பொறுமை இழந்து மறுபடி அனுப்புவார், எல்லாம் முட்டிக்கொள்ளும். அவர்கள் செய்த தீர்வு, இரண்டு முனைகளுக்கும் நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தது. இப்போ நீ பேசு, அடுத்து அவன் பேசட்டும். நம்ம பாஷையில சொன்னா, முறைத்தண்ணி.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். அந்தக் குழு 2008-ல் தங்கள் அனுபவத்தை எழுதியபோது, இணைப்பு படுத்ததற்குப் பெரும்பாலும் ரேடியோ காரணமே இல்லை என்று சொன்னார்கள். மின்சாரம்தான் காரணம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருவிகள் தடுமாறின, சில கருகின. அதனால் மின்சாரத்தைச் சீராக்கும் ஏற்பாடு செய்தார்கள், உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கோளாறு எங்கே தெரியுதோ அங்கேதான் காரணம் இருக்கணும்னு இல்லை.

அந்தப் பாடத்தை எடுத்துக்கிட்டுத்தான் நான் மறுபடி ரேஸ்கோர்ஸ் போனேன்.

காரணம் ஹெட்ஃபோன் இல்லை. நான்தான்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். நம்ம உடம்புல பெரும்பகுதி தண்ணி. ஃபோன் இடது பக்க டிராயர் பாக்கெட்டில், நெக்பேண்டின் பட்டன் இருக்கும் பெட்டி வலது தோளில். நடுவில் நான் முழுசா ஒரு தண்ணிக் குடம் மாதிரி நிற்கிறேன். வீட்டுக்குள் பிரச்சினை வரவில்லை, ஏன்னா அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி என்னைச் சுற்றி வந்துவிடும். மைதானத்தில் பட்டுத் திரும்ப எதுவுமே இல்லை. ஃபோனை வலது கைப்பட்டையில் மாட்டினேன். அன்னைக்கு 5 ரவுண்டும் பாட்டு நிக்கலை.

மத்த பிரச்சினைகளையும் சொல்லிடுறேன். புது ஹெட்ஃபோன் உங்க ஃபோனுக்கு வராம அப்பா ஃபோனுக்கே ஓடுதுன்னா, அது முதலில் சேர்ந்த ஃபோனை ஞாபகம் வச்சிருக்கு. அப்பா ஃபோனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு இணைங்க. அப்பவும் மாறலைன்னா இரண்டு ஃபோனிலும் அதன் பெயரை அழித்துவிட்டு, ஹெட்ஃபோனை ரீசெட் பண்ணிப் புதுசா இணைங்க. '0000 போடு'ன்னு கேட்டா அது பழைய கருவி. 2007-க்குப் பின் வந்த முறையில் பெரும்பாலும் எண் தேவைப்படாது. பாட்டு நல்லா இருந்து, கால் வந்ததும் குரல் தகர டப்பா மாதிரி ஆனா பயப்படாதீங்க. மைக்கும் வேலை செய்யணும்னா அது வேற முறைக்கு மாறும், தரம் குறையும். ஓடி முடிச்சதும் வியர்வையைத் துடைச்சு, காய்ஞ்ச பிறகுதான் சார்ஜ் போடணும். ஈரமும் உப்பும் சார்ஜிங் முனையை அரிச்சிரும். வைகைக் கரை ரோட்டுல ஓடுறவங்க, ஒரு காதையாவது பஸ் ஹாரனுக்கு விட்டுவைங்க.

கடைசியா ஒண்ணு. பொது அலைவரிசைக் கதை இன்னும் முடியலை. அடுத்து 6 கிகாஹெர்ட்ஸ் பற்றி வாதம் நடந்தது. ஏலம் விடணும்னு மொபைல் நிறுவனங்கள் ஒரு பக்கம், வைஃபைக்குப் பொதுவா விடணும்னு இன்னொரு பக்கம். இதெல்லாம் பெரிய ஆட்கள் விவகாரம்னு நாம ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுறோம். ஆனா 2005-ல வந்த ஒரு கெஜட் பக்கம் இல்லைன்னா, தேனியில கிராமத்துக் கண்ணை டாக்டர் வீடியோவுல பார்த்திருக்க முடியாது, நானும் ரேஸ்கோர்ஸ்ல பாட்டுக் கேட்டிருக்க முடியாது.

தாத்தாவோட லைசென்ஸ் புத்தகத்தை இப்ப பரணிலிருந்து எடுத்து என் மேஜையில வச்சிருக்கேன். உங்க வீட்டுப் பெட்டியிலயும் ஒண்ணு இருக்கலாம். தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.