கண்ணாடி போய்க் கண் வந்த கதை

1976-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபோட்டோகினா கண்காட்சி கூடியது. கேமரா உலகின் பெரிய திருவிழா அது. லைகா கேமராக்களைச் செய்துவந்த லைட்ஸ் நிறுவனம் அங்கே ஒரு புதுமாதிரியை வைத்தது. பெயர் கொரெஃபோட். லென்ஸ் வளையத்தை விரலால் திருகித் திருகி உருவத்தைத் தெளிவாக்கும் வேலையை இனிக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் செய்தி. 1960 முதலே இதற்காகக் காப்புரிமைகளைச் சேர்த்துவந்த நிறுவனம், 1978-ல் முழுமையாக இயங்கும் மாதிரியையும் காட்டியது. கைக்கு எட்டியது கடைக்கு எட்டவில்லை. லைட்ஸ் அதை விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை. அதற்குள் அமெரிக்காவில், யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் இதே வேலை நடந்து முடிந்திருந்தது.

அந்த இடம் ஹனிவெல். வீட்டுச் சுவரில் மாட்டும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பெயர்போன நிறுவனம். பென்டாக்ஸ் கேமராக்களை அமெரிக்காவில் விற்றுவந்ததால் புகைப்படத் துறையிலும் ஒரு கால் வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய நார்மன் ஸ்டாஃபர் என்ற பொறியாளர் கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியை உருவாக்கினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஜன்னல்கள். ஒரே பொருளின் உருவம் இரண்டு வழியாகவும் உள்ளே வரும். ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்றை ஒரு குட்டிக் கண்ணாடி நகர்த்திக்கொண்டே போகும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் கணத்தில் மின்குறிப்பு கிடைக்கும், தூரம் தெரிந்துவிடும். இடது உருவமும் வலது உருவமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற இந்த எளிய கேள்வியை மையமாக வைத்துத்தான் அடுத்த அரை நூற்றாண்டின் சண்டைகள் அத்தனையும் நடந்தன.

ஸ்டாஃபரின் கருவியை வாங்கிப் பொருத்திக்கொண்டது ஜப்பானின் கோனிகா. 1977 நவம்பரில் சி35 ஏஎஃப் கடைக்கு வந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஆட்டோஃபோக்கஸ் கேமரா அதுதான். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் தானே நகர்ந்து உரிய இடத்தில் நின்றது. குடும்பப் படம் எடுப்பவர்களுக்கு அது போதும். தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அதைத் தொடவில்லை. அவர்கள் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர்.; லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடியது. விதவிதமான லென்ஸ்களுக்கு வெளியில் இருக்கும் இரண்டு ஜன்னல்கள் உதவாது. கேமரா லென்ஸின் வழியாகவே பார்த்தாக வேண்டும்.

1981-ல் பென்டாக்ஸ் முயன்றது. எம்ஈ எஃப் என்ற அந்தக் கேமராவின் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸில் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து அடிவயிற்றில் ஒரு பெட்டியாகப் புடைத்துக்கொண்டிருந்தன. 1983-ல் நிக்கான் எஃப்3ஏஎஃப் வந்தது. அதற்கென்று இருந்தவை இரண்டே லென்ஸ்கள். இரண்டு கேமராக்களுமே எடுபடவில்லை. ஹனிவெல்லோ, லென்ஸ் வழியாகவே அளக்கும் அடுத்த தலைமுறைக் கருவியைத் தயாரித்து, கேமரா நிறுவனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களில் ஒசாகாவின் மினோல்டாவும் உண்டு.

1985 பிப்ரவரியில் மினோல்டா ஒரு கேமராவை வெளியிட்டது. ஜப்பானில் ஆல்ஃபா-7000, அமெரிக்காவில் மாக்ஸம் 7000. ஆட்டோஃபோக்கஸ் வெளியிலிருந்து ஒட்டவைத்த உறுப்பாக இல்லாமல் கேமராவின் உடலுக்குள்ளேயே இருந்தது. மோட்டாரும் உடலுக்குள்தான்; அது ஒரு திருகைச் சுழற்ற, லென்ஸுக்குள் இருந்த பற்சக்கரங்கள் ஓடின. ஜப்பானியக் கேமரா உலகம் அந்த ஆண்டை ‘ஆல்ஃபா அதிர்ச்சி’ என்றே நினைவில் வைத்திருக்கிறது.

அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. எஸ்.எல்.ஆரின் நடுவே சாய்ந்து நிற்கும் கண்ணாடி, லென்ஸில் நுழையும் ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகிறது. மினோல்டா அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதியில் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி செய்து, அதன் பின்னால் இன்னொரு குட்டிக் கண்ணாடியை வைத்தது. அது ஒளியைக் கீழே, கேமராவின் தரைக்குத் திருப்பியது. அங்கே காத்திருந்த உணரிகள், லென்ஸின் ஒரு விளிம்புப் பக்கமாக வந்த உருவத்தையும் எதிர் விளிம்புப் பக்கமாக வந்த உருவத்தையும் ஒப்பிட்டன. விலகல் எந்தத் திசையில், எவ்வளவு என்று ஒரே அளவீட்டில் தெரிந்தது. லென்ஸ் முன்னால் போவதா பின்னால் போவதா என்று தடுமாற வேண்டியதில்லை. கணக்குப் போட்டு ஒரே பாய்ச்சலில் போய் நின்றது. இதற்குப் பெயர் ஃபேஸ் டிடெக்‌ஷன்.

முதல் தொல்லை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மாக்ஸம் என்ற ஆங்கிலப் பெயரில் எக்ஸ் எழுத்துகள் இரண்டும் பின்னிக்கொண்டு நின்றதால், எக்ஸான் எண்ணெய் நிறுவனம் தன் சின்னம் போல இருக்கிறதென்று ஆட்சேபித்தது. எழுத்தை மாற்றியதோடு அது தீர்ந்தது. அடுத்து வந்தது அப்படித் தீரவில்லை. தன் காப்புரிமைகள் மீறப்பட்டதாக 1987-ல் ஹனிவெல் வழக்குத் தொடர்ந்தது. 1992 பிப்ரவரியில் நியூஜெர்சியின் நியூவர்க் நகரத்து ஜூரிகள், 9.6 கோடி டாலருக்கு மேல் மினோல்டா கொடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே வட்டியும் சேர்ந்து 12.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் வரிசையாக ஹனிவெல்லுக்குப் பணம் கட்டின. மினோல்டா அந்த அடியிலிருந்து பழைய தெம்போடு எழவில்லை. அந்தக் கேமராவின் வாரிசு யார் கையில் போய்ச் சேரும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அதற்கு முன்பே, 1987-ல், கேனான் ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தது. வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த எஃப்டி லென்ஸ்கள் எதுவும் புதிய ஈஓஎஸ் கேமராவில் பொருந்தாது என்று அறிவித்தது. கோபம் கிளம்பியது, கிளம்பாமல் எப்படி இருக்கும்? ஆனால் புதிய ஈஎஃப் அமைப்பில் மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் போனது. கேமராவும் லென்ஸும் மின்தொடர்பால் மட்டுமே பேசிக்கொண்டன. திருகு கிடையாது, நெம்புகோல் கிடையாது. அதே ஆண்டில் அல்ட்ராசோனிக் மோட்டார் பொருத்திய 300 மி.மீ. லென்ஸ் வந்தது, சத்தமில்லாமல், சட்டென்று நகர்ந்தது. விளையாட்டு மைதானங்களின் ஓரம் கேனானின் வெள்ளை லென்ஸ்களால் நிரம்பியது. வேகத்துக்காகவே வடிவமைத்த அந்த மோட்டார் பின்னாளில் வேகத்துக்கே தடையாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. அதன் அடியில் ஃபோக்கஸ் உணரியும் இருந்தது. முதல் ஆட்டோஃபோக்கஸ் கேமராவைத் தந்த கோனிகாவும், முதல் வெற்றிகரமான ஆட்டோஃபோக்கஸ் எஸ்.எல்.ஆரைத் தந்த மினோல்டாவும் 2003-ல் ஒன்றாக இணைந்தன. இணைந்தும் தாக்குப்பிடிக்கவில்லை. 2006-ல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டு, எஸ்.எல்.ஆர். தொழில்நுட்பத்தை ஒரு தொலைக்காட்சி, வாக்மேன் நிறுவனத்திடம் ஒப்படைத்தன. சோனி அதை வாங்கிக்கொண்டது. ஆல்ஃபா என்ற பெயரையும் சேர்த்து.

2008 செப்டம்பரில் பானசோனிக் ஜி1 கேமராவை அறிவித்தபோதுதான் நாற்காலிகள் இடம் மாறத் தொடங்கின. லென்ஸ் மாற்றலாம், ஆனால் உள்ளே கண்ணாடி இல்லை. படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் பார்ப்பதையே ஒரு சின்னத் திரை கண்ணுக்குக் காட்டியது. கேமரா மெலிந்தது, எடை குறைந்தது. கூடவே ஒன்று தொலைந்தும் போனது. கண்ணாடியோடு குட்டிக் கண்ணாடியும் போயிற்று. தரையில் இருந்த உணரிக்கு ஒளி வரும் வழியே இல்லை. மிரர்லெஸ் கேமரா, தூரத்தை அளக்கத் தெரியாத குருடாகப் பிறந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சென்சாரில் விழும் படத்தின் கான்ட்ராஸ்ட் எங்கே உச்சமாகிறது என்று தேடுவது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பதைப் போலத்தான். ஒலி தெளிந்துகொண்டே வரும். தெளிந்ததா என்று உறுதிசெய்ய அதைத் தாண்டிப் போய்க் கரகரப்பைக் கேட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டும். எந்தப் பக்கம் திருகுவது என்பதும் முதலில் தெரியாது. அசையாத பொருளுக்கு இந்த முறை மிகத் துல்லியமானது. ஃபேஸ் டிடெக்‌ஷனைவிடத் துல்லியம் என்றுகூடச் சொல்லலாம். ஓடிவரும் குழந்தையோ, உச்சத்தைத் தாண்டி லென்ஸ் திரும்பி வருவதற்குள் வேறு இடத்தில் இருந்தது.

லென்ஸ்களின் குணம் அம்பலமானது இங்கேதான். அல்ட்ராசோனிக் மோட்டார்கள் ஒரே பாய்ச்சலுக்காகப் பிறந்தவை. முன்னும் பின்னும் நுணுக்கமாக ஆடச் சொன்னால் திணறின. பானசோனிக் இதை முன்கூட்டியே யோசித்துத் தன் புதிய லென்ஸ்களை வடிவமைத்திருந்ததால் ஜி1 ஓரளவு சுறுசுறுப்பாகவே இருந்தது. மற்றவர்கள் பாடு சிரமம். 2012-ல் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ப்ரோ1 கேமராவோடு வெளியிட்ட 35 மி.மீ. எஃப்1.4 லென்ஸில் ஃபோக்கஸ் செய்ய உள்ளிருக்கும் கண்ணாடி வில்லைகள் அத்தனையும் ஒன்றாக முன்னும் பின்னும் நகர வேண்டும். நகரும்போது சத்தம், மெதுவான நடை. ஆனால் அது தரும் படத்தின் அழகுக்காக இன்றும் அதை விட மனமில்லாதவர்கள் ஏராளம். அந்தப் பிடிவாதம் நியாயமானது என்பதே என் எண்ணம். 2015-ல் அதே நிறுவனம் உள்ளே ஒரு சிறு தொகுதி மட்டும் நகரும் எஃப்2 லென்ஸைக் கொண்டுவந்தது. வேகம் வேண்டுமென்றால் நகரும் கண்ணாடி இலேசாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கற்றது.

சென்சார் பக்கமும் முயற்சிகள் நடந்தன. 2011-ல் ஒலிம்பஸ் சென்சாரை நொடிக்கு 120 முறை படித்துத் தேடலை விரைவாக்கியது. கேனான் 2012-ல் தன் முதல் மிரர்லெஸ்ஸான ஈஓஎஸ் எம் கேமராவைக் கொண்டுவந்து, ஃபோக்கஸ் வேகத்துக்காகவே விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மறு ஆண்டு ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்து அதை 2.3 மடங்கு வரை வேகமாக்கியது. கருவியை மாற்றாமல் வெறும் மென்பொருளால் இவ்வளவு முடியும் என்றால், முதலில் எத்தனை மந்தமாக இருந்திருக்கும்! ஆனால் உண்மையான விடை ஈஓஎஸ் எம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஒரு சட்டைப்பைக் கேமராவில் வந்துவிட்டிருந்தது.

2010-ல் வெளியான ஃபுஜிஃபில்ம் எஃப்300ஈஎக்ஸ்ஆர் கேமராவை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதன் சென்சாரில் சில பிக்சல்களின் இடது பாதியையும், வேறு சிலவற்றின் வலது பாதியையும் மறைத்துவிட்டார்கள். ஒரு கூட்டம் லென்ஸின் ஒரு பக்க ஒளியை மட்டும் பார்த்தது. மறு கூட்டம் எதிர்ப்பக்கத்தை. இரண்டு உருவங்கள், அவற்றுக்கிடையே ஒரு விலகல். ஸ்டாஃபரின் ஜன்னல்கள் சென்சாருக்குள் குடியேறின. படத்தில் அந்தப் பிக்சல்கள் விடும் ஓட்டையைப் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு நிரப்பினார்கள். 2011-ல் நிக்கான் 1 கேமராக்கள் இதே உத்தியை 73 புள்ளிகளோடு லென்ஸ் மாற்றும் கேமராவுக்குக் கொண்டுவந்தன. நொடிக்கு 10 படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஃபோக்கஸ். ஆனால் அவற்றின் சென்சார் சிறியது. தொழில்முறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிக்சல்களை மறைக்காமலே முடியாதா? 2013 ஜூலையில் கேனான் பதில் சொன்னது. ஒவ்வொரு பிக்சலையும் இடம், வலம் என இரண்டு ஒளி உணரிகளாகப் பிளந்தது. 2.02 கோடி பிக்சல், 4.03 கோடி உணரி. ஃபோக்கஸ் பார்க்கும்போது இரண்டும் தனித்தனி. படம் எடுக்கும்போது ஒன்று. விந்தை என்னவென்றால் இது முதலில் வந்தது ஈஓஎஸ் 70டி என்ற, கண்ணாடியுள்ள டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் (டி.எஸ்.எல்.ஆர்.). கண்ணாடியைத் தூக்கிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்து எடுக்கும்போது மட்டுமே அது வேலை செய்தது. 1987-ல் ஏச்சு வாங்கிய ஈஎஃப் முடிவும் இந்தக் கட்டத்தில் கைகொடுத்தது. எல்லாம் மின்தொடர்பு என்பதால், 2018-ல் ஈஓஎஸ் ஆர் வந்தபோது பழைய லென்ஸ்கள் ஓர் அடாப்டரை மாட்டியதும் ஃபோக்கஸோடு இயங்கின.

மினோல்டாவின் வாரிசும் சும்மா இருக்கவில்லை. 2014-ல் சோனி ஏ6000 கேமராவில் 179 ஃபேஸ் டிடெக்‌ஷன் புள்ளிகளை வைத்து 0.06 நொடி என்று விளம்பரம் செய்தது. பெரிய அடி 2017-ல் விழுந்தது. ஏ9 கேமராவின் சென்சாரோடு நினைவகத்தையே அடுக்காகச் சேர்த்துவிட்டார்கள். தகவல் வெளியேறும் வேகம் முந்தையதைவிட 20 மடங்கு. 693 புள்ளிகள், நொடிக்கு 60 முறை ஃபோக்கஸ் கணக்கு, நொடிக்கு 20 படங்கள், திரை ஒருமுறைகூட இருளாமல். டி.எஸ்.எல்.ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி எழுந்து விழும். அந்தக் கணத்தில் கீழிருக்கும் உணரிக்குக் கண் மறைந்துபோகும். ஏ9-க்கு மறைக்க ஒன்றுமே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நியூவர்க்கில் தண்டம் கட்டிய கேமராக் குடும்பம், கண்ணாடி யுகத்தின் முடிவைத் தொடங்கிவைத்தது.

லென்ஸ்களும் ஈடுகொடுத்தன. 2021-ல் வந்த சோனியின் இரண்டாம் தலைமுறை 70-200 ஜிஎம் லென்ஸில் நான்கு லீனியர் மோட்டார்கள். கனத்த கண்ணாடியை ஒரு மோட்டார் இழுக்கும் காலம் போய், இலேசான தொகுதிகளை நான்கு மோட்டார்கள் காந்த விசையால் தள்ளின. இந்த முன்னேற்றங்களோடு சேர்ந்துதான், இன்று எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்னச் சதுரமும் திரையில் வளர்ந்தது. ஆளின் கண்ணைக் கண்டுபிடித்து அதன்மேல் ஒட்டிக்கொண்டு விடாமல் தொடரும் சதுரம். 2019-ல் அது நாய், பூனைகளின் கண்ணையும் அடையாளம் கண்டது. 2020-ல் கேனான் ஆர்5, பறக்கும் பறவைகளைத் தொடர்ந்தது.

கடைசி வரை பழைய வழியில் நின்றது, இதைத் தொடங்கிவைத்த பானசோனிக். கான்ட்ராஸ்ட் முறையையே மெருகேற்றி, ஒவ்வொரு லென்ஸின் மங்கலும் எப்படி இருக்கும் என்று படித்துவைத்துத் தூரத்தை ஊகிக்கும் நுட்பத்தை 2014-ல் ஜிஎச்4-ல் கொண்டுவந்தது. புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் வீடியோ எடுக்கும்போது பின்னணி மெல்லத் துடிப்பது மட்டும் முழுமையாக நிற்கவில்லை. 2023 ஜனவரியில் எஸ்5 மார்க் 2 கேமராவில், 779 புள்ளிகளோடு, பானசோனிக்கும் ஃபேஸ் டிடெக்‌ஷனுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஜி1 அறிவிக்கப்பட்டு 15 ஆண்டுகள் ஆகும்போது, ஜி1-ன் சொந்தக் குடும்பத்தில் ஜி9 மார்க் 2 அதே 779 புள்ளிகளோடு பிறந்தது. 2008-ல் ஜி1-உடன் விற்ற 14-45 லென்ஸை அதில் மாட்டலாம், அப்படியே பொருந்தும்.