சின்னப் பட்டறைக்கு ஒரு வேலி

எதிரணி அம்மையார் கேட்டாங்க: “குறைந்தபட்சக் கூலியை ஏத்தினா சின்ன முதலாளி எங்கே போவான்?” நியாயமான கேள்வி. பதிலுக்கு உங்களை இங்கிலாந்தில் கிரேட்லி ஹீத் ஊருக்கு அழைச்சிட்டுப் போறேன். வருஷம் 1910.

வீட்டுக் கொல்லையில் உலை வச்சு, பெண்கள் சுத்தியல் பிடிச்சு இரும்புச் சங்கிலி செய்த ஊர் அது. 1909-ல் வந்த சட்டப்படி, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து உட்கார்ந்த வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் கூலி நிர்ணயிச்சது. பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

பல முதலாளிகள் என்ன செய்தாங்க? “ஆறு மாசத்துக்குப் பழைய கூலியே போதும்”னு பெண்கள்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. பல பேருக்குப் படிக்கவே தெரியாது! மேரி மெக்கார்தர் என்ற பெண்மணி தலைமையில் பத்து வாரம் போராட்டம். அக்டோபர் 22-ல் கடைசியா கையெழுத்துப் போட்டது யாரு? முதலாளி! (கைதட்டல்)

இதில் சின்ன முதலாளிக்கு என்ன லாபம்? நேர்மையா கூலி கொடுக்கிறவனுக்கு எமன் யாருங்க? அரைக்கூலி கொடுத்து, சங்கிலியை மலிவா விற்கிற பக்கத்துப் பட்டறைக்காரன்தான்! எல்லாருக்கும் ஒரே கூலின்னா, போட்டி தொழில் திறமையில் இருக்கும். தொழிலாளி வயித்துல இருக்காது. சட்டம் கொண்டுவந்த சர்ச்சிலும் பாராளுமன்றத்தில் இதைத்தான் வாதாடினார்.

சிரமமே இல்லைன்னு நான் சொல்லலை. சட்டம் பாதிப் பேருக்கு மட்டும்னா, கீழ்ப்படிஞ்ச சின்ன முதலாளிதான் முதல்ல விழுவான். எல்லாருக்கும்னா, அது அவனுக்குச் சுமையில்லை, வேலி!